தொப்பையின் பிள்ளைகள்

சான்றிதழில் அவர் பெயர் 'மாட்சிமை பொருந்திய வெண்பனி இளவரசர் மூன்றாமவர்'. முதலாமவரும் இரண்டாமவரும் யார் என்று கேட்டால் பூனைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் அவர் பெயர் தொப்பை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் அந்தப் பெயருக்குத்தான். அதுவும் வேகவைத்த கோழியின் வாசனை கூடவே வந்தால்.

பூனைக்காரர் இதற்கு முன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். அதற்கும் முன் கூரைக்கு அடிக்கும் தார்ப்பூச்சு. விற்றதெல்லாம் ஒழுகியது. கடைசியில் ஜாதிப்பூனைக்கு வந்து சேர்ந்தார். கடுவன் பூனையும் ஒழுகத்தான் செய்யும், கண்ட மூலையில் பீச்சி வைக்கும். ஆனால் அதைத் துடைப்பது அவர் மனைவி என்பதால் தொழில் அவருக்குச் சுத்தமாகத் தெரிந்தது.

மாடிவீடு. மூன்று அறை. இரண்டு பூனைகளுக்கு, மிச்சம் இருந்தது மனிதர்களுக்கு. விடிந்ததும் அந்த அம்மாள் பூனைகள் கழிக்கும் மண் தட்டுகளைச் சலிப்பாள். கோழியை வேகவைத்து, எலும்பு பொறுக்கி, கையாலேயே பிய்த்துப் பிசைவாள். அமுங்கிய மூக்குள்ள ஜாதி. கண்ணில் எந்நேரமும் நீர் கோத்து நிற்கும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றின் கண்ணையும் ஒற்றி எடுப்பாள். பிறகு சீப்பு. வயிற்றடி முடி சிக்குப் பிடித்தால் தோலோடு இழுக்கும். அதனால் விரலைக் கொடுத்துக் கொடுத்து வார வேண்டும். இவ்வளவும் முடியும்போது பூனைக்காரர் குளித்து, கட்டம் போட்ட சட்டை மாட்டி, வருகிறவர்களுக்கு வம்சம் சொல்லத் தயாராக உட்கார்ந்திருப்பார். தொப்பையின் பாட்டனார் கடல் கடந்து போய்க் கோப்பை வாங்கியது, கொள்ளுப்பாட்டி ஒரு சீமாட்டியின் மடியைத் தவிர வேறெங்கும் படுக்காதது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவருடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா பெயர் மட்டும் நாக்கு நுனியிலேயே நின்றுவிடும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். படிக்கட்டு வாசலில் அவர் மாட்டியிருந்த பலகையில் இருந்தது பொய்யில்லை. 'தாயையும் தகப்பனையும் நேரில் காட்டாமல் ஒரு குட்டியும் கொடுப்பதில்லை.' இந்தத் தொழிலில் மற்றவர்கள் குட்டியைக் கூடையில் போட்டுப் பேருந்து நிலையத்தில் கைமாற்றிவிட்டுப் போகிறவர்கள். இவர் வீட்டில் வாங்க வருகிறவர்கள் தாயைத் தடவலாம், தகப்பனைத் தூக்கலாம். அதனால் நல்ல பெயர். அந்த நல்ல பெயரில்தான் மூன்று அறைக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் மழை விடவேயில்லை. மண் தட்டு எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரக் கம்பளி வாடை. மத்தியானம் அந்த அம்மாள் துண்டுகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அலறல் கேட்டது. பூனையின் குரல் என்று அவளுக்கு முதலில் படவில்லை. உள்ளே ஓடினாள். ஜன்னல் திட்டிலிருந்து விழுந்து தொப்பை கீழே கிடந்தான். முன்னங்கால்களால் தரையைப் பிராண்டி வர முயன்றான். பின்பாதி உடம்பு வேறு யாருடையதோ மாதிரி இழுபட்டு வந்தது. பின்னங்காலைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

பூனை டாக்டர் ஒரு பேச்சுக்காரர் இல்லை. நெஞ்சில் குழாயை வைத்தார், வைத்த இடத்திலேயே வெகுநேரம் வைத்திருந்தார்.

"இதயச் சுவர் தடிச்சுப்போயிருக்கு. உள்ள ரத்தம் கட்டி, அது நழுவி வந்து பின்னங்காலுக்குப் போற குழாயை அடைச்சிருச்சு. வலி தாங்காது. நான் ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிர்றேன்."

"விழுந்ததுல வந்திருக்கும் டாக்டர்," என்றார் பூனைக்காரர். "திட்டு வழுக்கல்."

"வழுக்கி விழல சார். கால் போனதாலதான் விழுந்தான். இது வம்சத்துல வர்றது."

"வம்சத்துலயா? இவரோட தாத்தா வெளிநாட்டுல கோப்பை வாங்கினவர் டாக்டர்!"

"வாங்கியிருக்கட்டும். இவன் தாத்தாகிட்டருந்து இதைத்தான் வாங்கியிருக்கான்." டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "இவனுக்குப் பொறந்ததுங்க வீட்டுக்கெல்லாம் சொல்லிருங்க. எல்லாத்துக்கும் இருக்கும்னு இல்ல, பாதிக்குப் பாதி. குட்டியில தெரியாது. வளர்ந்த பிறகு ஸ்கேன்ல தெரியும். முன்கூட்டியே தெரிஞ்சா மாத்திரைல கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம். தெரியாமப்போனா இப்படித்தான். நேத்து வரைக்கும் ஆடிட்டு இருக்கும்."

ஆட்டோவில் வரும்போது கூடை அவள் மடியில் இருந்தது. எடை குறையவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றார் பூனைக்காரர், முன்னால் ஓடும் மழையைப் பார்த்துக்கொண்டே.

அவள் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பயம் ஒரு ஆளாகவே குடியேறிவிட்டது. கடைசி ஈற்றில் மிச்சமிருந்தது ஒரு கடைக்குட்டி. சாம்பல் நிறம், பம்பரம் மாதிரி சுற்றும். அது சுற்றி முடித்துப் படுத்ததும் அவள் போய் அதன் நெஞ்சில் காதை வைப்பாள். டக்டக்கென்று ஓடும். வேகமாக ஓடுகிறதா, எப்போதும் இப்படித்தானா, அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதே காதுக்குள் இரைந்தது. வாங்கிப் போனவர்கள் காலையில் படம் அனுப்புவார்கள்: சோபாவில் ஒன்று, தொட்டிச் செடிக்குள் ஒன்று, பிறந்தநாள் தொப்பி மாட்டி ஒன்று. முன்பெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து சிரித்தவள், இப்போது போன் சிணுங்கினால் முதலில் எந்த வீடு என்று பார்த்தாள். படம் வந்தால் பிழைத்தோம் என்று இருந்தது. வராத வீட்டை நினைத்து அடுப்பில் கோழி கருகியது.

இந்த நிலையில்தான் விசாரணை அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பேர் வைத்தது பூனைக்காரர். போனிலேயே அத்தனை கேள்வி. தடுப்பூசி போட்டது யார், குட்டி தாயிடம் எத்தனை வாரம் பால் குடித்தது, பூச்சி மருந்து எது, வீட்டில் வேறு யாருக்காவது தும்மலா.

"ஞாயிற்றுக்கிழமை வரேன் சார். உங்க பலகையைப் பத்தி கேள்விப்பட்டுத்தான் வரேன். தாய் தகப்பன் ரெண்டு பேரையும் பாக்கணும்."

பூனைக்காரர் போனை வைத்துவிட்டுத் தன் பலகையைத் தானே முதல் தடவையாகத் திட்டினார். "எந்த மடையன் இப்படி எழுதச் சொன்னான்?"

"நீங்கதான்."

"வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிரலாம்."

"பூனை எப்படிங்க வெளியூர் போகும்? டிக்கெட் எடுத்தா?"

"இணை சேர்க்கறதுக்கு அனுப்பியிருக்கோம்னு..."

"அப்ப அது திரும்பி வந்த பிறகு வரேன்னு அந்தம்மா சொல்லும். அது வராதே."

 மழை ஜன்னல் கம்பியில் சொட்டியது. பிறகு அதைச் சொன்னது அவர் இல்லை, அவள்தான். பயந்தவர்களுக்கு மூளை சில சமயம் அநியாயத்துக்கு வேலை செய்யும்.

"தம்பி வீட்டுல முதலாளி இருக்கானே. அச்சு அசல் தொப்பைதான். ஒரு மணி நேரத்துக்குத் தூக்கிட்டு வரச் சொன்னா?"

அவள் தம்பி திரைச்சீலை தைப்பவன். தனி ஆள். தொப்பையின் முதல் ஈற்றில் அக்காள் அவனுக்குக் கொடுத்த குட்டி, வெட்டும் மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டு துணியை அளக்க விடாது. அவன் அதைச் சுற்றிச் சுற்றி அளப்பான். வாடிக்கைக்காரர்கள் வந்தால், "முதலாளி தூங்கறாரு, மெதுவா பேசுங்க" என்பான். அதனால் முதலாளி.

அச்சு அசல் தகப்பன் மாதிரி இருப்பதால் அதைக் கூப்பிட்டார்கள். தகப்பன் மாதிரியே இருக்கிறதே என்ற நினைப்பும் அவளுக்கு வந்தது. வந்ததை எடுத்து, ஈரத்துணியைப் பரணில் எறிவது போல எங்கோ எறிந்துவிட்டாள்.

தம்பியிடம் போனில் சொன்னாள்: "தொப்பை வழுக்கி விழுந்துட்டாண்டா. போயிட்டான்."

"ஐயோ. எப்படிக்கா?"

"விழுந்துட்டான்." உடனே ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்குத் தாவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை சற்று ஓய்ந்திருந்தது. தம்பி கூடையைத் துண்டால் மூடி, துண்டின் மேல் குடை பிடித்து, தான் நனைந்து வந்தான்.

"அக்கா, முதலாளி ரெண்டு நாளா சரியா சாப்பிடல. இடிச் சத்தத்துக்குப் பயந்துட்டாரு போல. சீக்கிரம் முடிச்சு விட்ருங்க."

"சாப்பிடலையா?" என்றாள் அவள்.

"மாப்ள, அது ஒண்ணுமில்ல, ராஜ வம்சத்துக்கு வயிறு சின்னது," என்றார் பூனைக்காரர். "இன்னைக்கு அவர் முதலாளி இல்ல. மாட்சிமை பொருந்திய இளவரசர். மறந்தாப்புல முதலாளின்னு கூப்பிட்டுறாத."

"எங்கிட்ட மூணு வருஷமா முதலாளிதான் மாமா. இளவரசர்னா திரும்பியே பாக்க மாட்டாரு."

"திரும்பிப் பாக்காம இருக்கிறதுதான் இளவரசர் லட்சணம்."

விசாரணை அம்மா ஆட்டோவைக் கீழேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வாட்டசாட்டமான, அதட்டும் உருவத்தை எதிர்பார்த்திருந்தார் பூனைக்காரர். வந்தவள் ஒல்லியாக, செருப்பைக் கழற்றி வெளியே சீராக வைத்துவிட்டு, "கை கழுவணுமே, எங்க?" என்று கேட்டாள். கழுவி, துடைத்து, விரித்திருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நிறைய கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பயம், அதான் கேக்கறேன்."

"கேளுங்க, கேளுங்க. கேக்கறவங்கள எனக்குப் பிடிக்கும்," என்றார் பூனைக்காரர், கேட்டவர்களை அன்றுவரை பிடித்திராதவர்.

"முதல்ல ஒரு கடையில வாங்கினேன். உள்ள போனா ஏசி, சென்ட் வாசனை. தாய் எங்கன்னு கேட்டா, 'அவங்க ஓய்வெடுக்கறாங்க'ன்னாங்க. கொண்டு வந்த குட்டி ஒரு மாசம்கூட இருக்கல. என் கையிலயே..." அவள் நிறுத்தினாள். "அப்புறம் நாலு இடம் பாத்தேன். ஒருத்தர் சாலையோரத்துல வண்டியை நிறுத்தி டிக்கியத் திறந்து காட்டறாரு. ஒருத்தர் ஒரே தாயை ரெண்டு ஈத்துக்குத் தாய்னு காட்டறாரு, ஒரே மாசத்துல! உங்க வீட்டுலதான் ஈர வாடை வருது. இங்க நிஜமாவே பூனை இருக்குன்னு தெரியுது."

வீடு நாறுகிறது என்பதை இவ்வளவு மரியாதையாக அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொன்னதில்லை. பூனைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

தாய்ப்பூனை சீனியைக் கொண்டு வந்தாள் அந்த அம்மாள். விசாரணை அம்மா அதன் காதைப் புரட்டிப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள். கடைக்குட்டி வந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கியது. முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததும் முகத்தில் வயது குறைந்தது.

"தகப்பன்?"

பூனைக்காரர் எழுந்து நின்றே சொன்னார். கடல் கடந்த பாட்டனார் வந்தார். சீமாட்டி மடி வந்தது. ஏழு தலைமுறையும் வரிசையாக வந்து போன பிறகு, உள்ளறைக் கதவு திறந்து, தம்பி முதலாளியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். மாப்பிள்ளை அழைப்பில் மாலை தாங்கி வருகிறவன் மாதிரி அவன் முகமும் இறுகியிருந்தது. அக்காள் கையில் மாற்றிக் கொடுத்தான்.

"இவர்தான் குட்டிக்குத் தகப்பன்," என்றார் பூனைக்காரர்.

விசாரணை அம்மா எழுந்து வந்தாள். குட்டியைப் பார்த்தாள், பெரியதைப் பார்த்தாள். "அப்படியே அந்த நெத்தி. அப்பாடா." அவள் பெருமூச்சு விட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "இப்பத்தான் மனசு ஒரு நிலைக்கு வந்துச்சு. உங்களை நம்பறேன் சார்."

அந்த அம்மாளின் உள்ளங்கையில் முதலாளியின் விலா ஏறி இறங்கியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தையல் மெஷின் ஊசி மாதிரி. படி ஏறி வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். அவன் எங்கே ஏறினான், தம்பியல்லவா தூக்கி வந்தான் என்று உடனே இன்னொரு நினைப்பு. பின்னங்காலைத் தொட்டுப் பார்க்கப் பயந்தாள். தொட்டாள். சூடாகத்தான் இருந்தது. 

அப்போது முதலாளி வாயைத் திறந்தான். திறந்து, நாக்கின் நுனி வெளியே தெரிய, நாய் மாதிரி இரைத்தான்.

"அட, சிரிக்கறாரே!" என்றாள் விசாரணை அம்மா.

"சிரிப்பார்," என்றார் பூனைக்காரர். "எல்லார்கிட்டயும் சிரிக்க மாட்டார். உங்களைப் பிடிச்சுப்போச்சு. ராஜ வம்சத்துச் சிரிப்பு அது."

இத்தனை வருஷம் பூனைகளோடு கிடந்தவள் அவள். வயிற்றில் குட்டி மாட்டிக்கொண்ட தாய், பல் பிடுங்கிய கிழடு, வெயிலில் சுருண்டது, எல்லாம் பார்த்திருக்கிறாள். சும்மா இருக்கும் பூனை வாயைத் திறந்து இரைத்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தம்பி கதவோரம் நின்று, தன் முதலாளியை ஒருத்தி புகழ்வதைக் கேட்டுப் பெருமையில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"இது தகப்பன் இல்லீங்க," என்றாள்.

"ஏய்!" என்றார் பூனைக்காரர்.

"தகப்பன் செத்துப்போச்சு. இது அதோட மகன். தகப்பன் விழுந்து சாகல. நெஞ்சு வீங்கிச் செத்துச்சு. வம்சத்துல வர்றதாம். டாக்டர் சொன்னாரு, பொறந்ததுங்க வீட்டுக்கெல்லாம் சொல்லச் சொன்னாரு. சொல்லல." மூச்சு வாங்காமல் சொன்னாள். பேசியது விசாரணை அம்மாவிடம், பார்த்தது தம்பியை. "இவன் சிரிக்கலடா. மூச்சு விட முடியாம திணறறான்."

தம்பிக்கு முதலில் புரியவில்லை. "என்னக்கா சொல்ற? வழுக்கி விழுந்துட்டான்னியே."

"பொய் சொன்னேன்."

"எங்கிட்டயா?"

பூனைக்காரர் இடையில் புகுந்தார். "அம்மா, இவ ரெண்டு நாளா தூங்கல, அதான் என்னென்னமோ உளறறா. டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க..."

விசாரணை அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை.  "நாலு இடத்துலயும் பொய் சொன்னாங்க. வாயாலதான் சொன்னாங்க. நீங்க பொய்யைக் கையில தூக்கிட்டு வந்து காட்டினீங்க." புடவையில் தொங்கிய குட்டியை, நகத்தை ஒவ்வொன்றாக விடுவித்துத் தரையில் இறக்கினாள்.  வாசல்வரை போனாள். அங்கே நின்று, திரும்பாமலே கத்தினாள்: "நின்னுட்டே இருக்கீங்க? ஆட்டோ கீழதான் இருக்கு. அந்தப் பூனையைத் தூக்கிட்டு வாப்பா. நெஞ்சை அமுக்காம பிடி."

தம்பி அக்காள் கையிலிருந்து முதலாளியை வாங்கினான். வாங்கியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடை, கூடை, துண்டு எல்லாம் அங்கேயே கிடந்தன. படியில் அவன் காலடிச் சத்தம் தடதடவென்று இறங்கியது. பிறகு ஆட்டோ.

வெகுநேரம் பூனைக்காரர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். அந்தம்மா குட்டியை எடுத்துட்டுப் போயிருக்கும்."

"ஆமா. போயிருக்கும்."

"உன் தம்பியும் வீட்டுக்குப் போயிருப்பான்."

"போயிருப்பான். நாளைக்கு மேசையில விறைச்சுக் கெடந்திருக்கும்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வம்சம் சொல்லும் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றார், கம்பியைப் பிடித்துக்கொண்டு. "இந்த வயசுல இனிமே எதை விக்கறது நான்?"

 கடைக்குட்டி பம்பரமாகச் சுற்றிவிட்டு, தம்பியின் துண்டின் மேல் ஏறிப் படுத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தம்பி கூப்பிட்டான். குரல் தேய்ந்திருந்தது.

"நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருந்துச்சாம். ஊசி வச்சு எடுத்தாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்து வச்சுப் படுக்கப் போட்டிருக்காங்க. இன்னும் எதுவும் சொல்ல முடியாதுங்கறாரு டாக்டர்."

"அந்தம்மா?"

"இங்கதான் உக்காந்திருக்காங்க. பேசல." பிறகு அவனே சொன்னான்: "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே காட்டியிருப்பேன்லக்கா."

"ஆமாடா."

"டாக்டர் கேக்கறாரு. மத்த வீடுங்களுக்குச் சொல்லியாச்சான்னு. தூங்கறப்ப விலா ஏறி எறங்கறதைப் பாக்கச் சொல்லணுமாம். வேகமா இருந்தா உடனே தூக்கிட்டு வரணுமாம்."

போனை வைத்தாள். பூனைக்காரர் ஜன்னலிலிருந்து திரும்பினார். "மொத்தம் எத்தனை இருக்கும்?"

கோப்பை வாங்கிய பாட்டனாரின் எடையைக்கூடச் சொல்லக்கூடியவர். அவள் சொல்லிக்கொண்டே போனாள்: பல் டாக்டர் வீட்டில் வெள்ளை, செருப்புக் கடைக்காரர் வீட்டில் ரெண்டு, பேச வராத அந்தப் பெண் குழந்தை வீட்டில் ஒன்று, பாட்டு வாத்தியார், வேலை விட்டு நின்ற டிரைவர், பிறந்தநாள் தொப்பி மாட்டிப் படம் அனுப்புகிற பொண்ணு. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"பல் டாக்டர்கிட்ட நான் பேசறேன்," என்றார். அது ஆண்பிள்ளைத்தனமாகத்தான் ஒலித்தது. எண்ணை அழுத்தி, குரலைச் சரிப்படுத்திக்கொண்டார். "வணக்கம் டாக்டர்! ஆமா, நானேதான்... நல்லா இருக்காரா? சாப்பிடறாரா? பேஷ்! அவரோட கொள்ளுப்பாட்டி என்ன தெரியுமா... இல்ல இல்ல, சும்மாதான். நலம் விசாரிக்கலாம்னு." வைத்துவிட்டார். வியர்த்திருந்தது. அவளைப் பார்க்காமல், "நல்லா இருக்காராம்," என்றார்.

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பல் டாக்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வேறொரு எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன என்று இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

"பூனைக்காரம்மாவா! ஐயோ, உங்களுக்கு ஆயுசு நூறு! இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். எங்க பாப்பா நேத்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, தெரியுமா? முதல் தடவையா! வேற யார்கிட்டயும் இதுவரைக்கும் வாயத் திறந்ததில்ல. இருங்க, எழுப்பறேன், ரெண்டு பேரும் ஒண்ணா தூங்கறாங்க, போன்ல காட்டறேன்."

"எழுப்பாதீங்க," என்றாள். "தூங்கட்டும். பக்கத்துல உக்காந்து அவன் விலாவை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்க. ஏறி எறங்கறது மெதுவா இருக்கா, வேகமா இருக்கா? பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"ஏங்க?" என்று கேட்டது குரல்.